பதினேழாம் பாட்டில்

குளத்தூரிலிருந்து கிளம்பும்போது
பதினேழாம் பாட்டில் மீனை மட்டும்
பாலித்தீன் பைக்கு மாற்றி
ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி
கைப்பையில் வைத்துக்கொண்டேன்.
"போன் வாங்கப் போறியா, மீன் விக்கப் போறியா?"
என்றார் தயாநிதி.
பஸ் வந்துவிட்டது.

பழைய போன் செய்த குற்றம் இது:
நீலத்தைக் கருப்பாக்கும்.
வெள்ளை வாலை
இல்லாமலே செய்துவிடும்.
போன மாதம் மடிப்பாக்கத்துக்காரர்
"கருப்பு கேட்டேன், நீலம் அனுப்பியிருக்கீங்க" என்று
வந்த பார்சலிலேயே திருப்பி அனுப்பினார்.
பிரித்தபோது மிதந்தது.
எண்ணூறு ரூபாய்.
ரூபாயை விடுங்கள்,
அதன் வாய் திறந்திருந்த விதம்.

ரிச்சி தெருவில் மழை முந்தின நாளே நின்றிருந்தது,
தண்ணீர் இன்னும் போகவில்லை.
கேபிள் தோரணங்களுக்குக் கீழே
மூன்று கடைகளில்
நூற்றெட்டு மெகாபிக்சல், நூற்றெட்டு மெகாபிக்சல் என்று
அர்ச்சனை செய்தார்கள்.
"பியூட்டி மோடு இருக்கு மேடம்,
பத்து வயசு குறைச்சுக் காட்டும்."
என் மீனுக்கு ஆறு மாதம்தான் ஆகிறது என்றேன்.
அதற்குப் பிறகு அந்தப் பையன்
என்னைப் பார்க்கவே இல்லை.

நாலாவது கடை இஸ்மத் பாஷாவுடையது.
கட்டை விரலில் சால்டரிங் சூடு,
காதில் பென்சில்.
பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
டீ கிளாஸைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்.
பை நீரோடு மீனை அதில் இறக்கினேன்.
கண்ணாடி மேசைமேல் ஐந்து போன்கள்
பெண் பார்க்க வந்தவர்கள்போல்
வரிசையாக நிமிர்ந்தன.

முதல் போனில் மயில் கழுத்து.
அழகுதான். பொய்.
இரண்டாவது, டியூப்லைட்டின் நிறத்தையும்
மீனுக்கே பூசிவிட்டது.
மூன்றாவது செதிலையெல்லாம் வழித்து
சோப்புக்கட்டி ஆக்கியது.
நாலாவது சரியாகத்தான் சொன்னது.
முப்பத்து நாலாயிரம் என்றும் சொன்னது.

ஐந்தாவதுக்குப் பெட்டி இல்லை,
ஓரத்தில் ஒரு கீறல்.
"டிஸ்ப்ளே பீஸும்மா, பன்னிரண்டரை."
பத்து நொடி வீடியோ எடுத்து
யாரோ சார்ஜர் கேட்டதற்குத் திரும்பியவர்
ஓடிக்கொண்டிருந்த போனை
கிளாஸில் சாய்த்துவிட்டார்.

மீன் நின்றது.
செவுள் மூடி இரண்டும் விரிந்தன.
வால் விசிறியாகத் திறந்தது.
பிறகு
டங்.
கண்ணாடியில் மூக்கு மோதிய சத்தம்
அவ்வளவு இரைச்சலிலும் கேட்டது.

பாஷா இன்னொரு முறை ஓட்டினார்.
இன்னொரு முறை பாய்ந்தது.
முதல் போனின் மயிலைக் காட்டினோம்,
யாரோ என்று திரும்பிக்கொண்டது.
சார்ஜர் கேட்டவர் சார்ஜரை மறந்துவிட்டார்.
நான் ஆதார் கார்டை எடுத்தேன்.
ஒன்பது மாதத் தவணை,
ஒவ்வொரு ஐந்தாம் தேதியும்.

ராத்திரி,
"பாட்டு ஒண்ணு போடு,
மேல ஆஃபர் ஆஃபர்னு மின்னணும்" என்றார் தயாநிதி.
அப்படிச் செய்தால்தான் நிற்பார்கள் என்று
எனக்கும் தெரியும்.
பக்கத்துத் தொட்டியின் ஏர் பம்ப் சத்தத்தை மட்டும் விட்டேன்.
நாற்பத்து மூன்று பேர் பார்த்தார்கள்.
ஆறு பேர் விலை கேட்டார்கள்,
விலையை எழுதியிருந்த வரிக்கு நேர் கீழேயே.
ஒருவர் கும்பிட்டிருந்தார்,
எதற்கென்று தெரியவில்லை.

பதினொன்றே முக்காலுக்குத் தாம்பரத்திலிருந்து ஒரு குரல்.
"படத்துல இருக்கிற மாதிரியே இருக்குமா?"
"அதுவே நம்பிடுச்சுங்க" என்றேன்.
எதிர்முனையில் ஒரு மின்விசிறி
நான்கைந்து சுற்றுச் சுற்றியது.
"அறுநூறுக்குக் குடுப்பீங்களா?"

"எண்ணூறு."
பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே
சாய்ந்திருந்த அட்டையை
நேராக்கி வைத்தேன்.